பிரபலங்களின் சாவுச் செய்தியும் வயதான ராஜா ராணிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நடிகரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் சரி, லண்டனில் ராஜா நாலு நாள் வெளியே தலைகாட்டாவிட்டாலும் சரி, தருமபுரி நாலு ரோட்டிலிருந்து ஓசூர் பேருந்து நிலையம் வரை ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் கிளம்புகின்றன. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். முதல் கேள்வியின் பதிலை மட்டும் முழுதாகப் படித்துவிடுங்கள். பின்னால் வரும் பல பதில்கள் அதை நம்பித்தான் நிற்கின்றன.

ஒரு நடிகர் செத்துட்டாருன்னு வாட்ஸ்அப்ல வந்திருக்குது. நெசமா பொய்யான்னு எப்படிப் பாக்கறது?

நாலு விவரம் இருக்கிறதா என்று பாருங்கள்: அறிவித்தது யார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, இறந்தவருக்கு என்ன வயது. கலைஞர் கருணாநிதி மறைந்தபோது வந்த செய்தியில் நாலும் இருந்தன. 2018 ஆகஸ்ட் 7, மாலை 6.10 மணி, சென்னை காவேரி மருத்துவமனையின் அறிக்கை, வயது 94. புரளியில் இவற்றுக்குப் பதில் ‘சற்றுமுன்’, ‘அதிர்ச்சியில் திரையுலகம்’ என்பவைதான் இருக்கும்.

அடுத்து, குடும்பத்தாரின் பக்கத்தையும் மருத்துவமனையின் அறிக்கையையும் தேடுங்கள். அறிக்கை என்றால் முகப்புத் தாள், தேதி, நேரம், பொறுப்பானவரின் கையெழுத்து எல்லாம் வேண்டும். இரண்டு செய்தி நிறுவனங்கள் தனித்தனியாக விசாரித்துச் சொல்கின்றனவா என்றும் பாருங்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய பத்து சேனல்கள் பத்து சாட்சி ஆகாது. பெரும்பாலும் தவறு நடப்பது இரண்டு இடங்களில்: மூன்று வருடத்துக்கு முந்தைய செய்தி மறுபடி சுற்றுவது, அதே பெயருள்ள வேறொருவர் இறந்திருப்பது. அரைமணி நேரம் பொறுத்தால் பாதிப் புரளி தானாகவே அடங்கிவிடும்.

இந்த நாலு விவரக் கணக்கு நம் மண்ணில் பழையது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். கையில் வில்லோடு ஒரு ஆள், மேலே வட்டெழுத்து வரிகள். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊரில் தொறு கொண்டார்கள், அதாவது மாட்டு மந்தையைக் கவர்ந்தார்கள், மீட்கப்போய்ப் ‘பட்டான்’, அதாவது செத்தவன், யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன என்று இப்படிப்பட்ட கற்கள் வரிசையாகச் சொல்கின்றன. ஒரு சாதாரண வீரனின் சாவுக்கே அவ்வளவு துல்லியம் பார்த்திருக்கிறார்கள்.

விக்கிபீடியாலயே எறந்த தேதி போட்டுட்டாங்க. அப்ப நெசந்தான?

அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பக்கத்தின் ‘வரலாறு’ பகுதியைத் தட்டினால் அந்தத் தேதியை எத்தனை மணிக்குச் சேர்த்தார்கள் என்று தெரியும். தேதிக்குப் பக்கத்தில் அடிக்குறிப்பு எண் இருக்கிறதா, அது எந்தச் செய்திக்குப் போகிறது என்று பாருங்கள். அடிக்குறிப்பு இல்லாத தேதியும் வாட்ஸ்அப் செய்தியும் ஒன்றுதான்.

2016ல டிவிக்காரங்களே தப்பா சொன்னாங்களே, அப்புறம் யாரத்தான் நம்பறது?

2016 டிசம்பர் 5 மாலை முதல்வர் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில தொலைக்காட்சிகள் சொல்லிவிட்டன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடியை இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். மருத்துவமனை உடனே மறுத்தது. அன்றிரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்ததாக நள்ளிரவு தாண்டி அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது. மாலையில் சொன்ன சேனல்களிடம் மருத்துவமனை அறிக்கை எதுவும் இல்லை. ‘வட்டாரங்கள் தெரிவித்தன’ என்பதை வைத்து முந்திக்கொண்டார்கள்.

எனவே சேனலின் பெயரை விட்டுவிட்டு, செய்தி வாசிப்பவர் யாரை ஆதாரமாகச் சொல்கிறார் என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். ‘மருத்துவமனை தெரிவித்தது’, ‘மகன் தெரிவித்தார்’ என்றால் ஒரு கனம் உண்டு. ‘தகவல் வெளியாகியுள்ளது’ என்றால் காத்திருங்கள்.

செத்த பத்தாவது நிமிசமே அரைமணி நேர வாழ்க்கை வரலாறு ஓடுதே. முன்னாடியே செஞ்சு வெச்சிருக்காங்களா?

ஆமாம். உலகெங்கும் பெரிய செய்தி நிறுவனங்கள் வயதான பிரபலங்களுக்கு முன்கூட்டியே இரங்கல் கட்டுரை எழுதி வைக்கின்றன. ஐம்பது வருட வாழ்க்கையைப் பத்து நிமிடத்தில் எழுதினால் பிழைதான் மிஞ்சும் என்பதால், இதில் தப்பு ஒன்றும் இல்லை. நடிகை எலிசபெத் டெய்லர் 2011இல் இறந்தபோது நியூயார்க் டைம்ஸில் வந்த கட்டுரையை எழுதிய மெல் குஸ்ஸோ 2005லேயே இறந்துபோயிருந்தார்.

தயாராக இருப்பது கை தவறி வெளியே வரும்போதுதான் வம்பு. 2003இல் சிஎன்என் தளத்தில் உயிரோடிருந்த பலரின் இரங்கல் பக்க வரைவுகள் வெளியே தெரிந்தன. இங்கிலாந்து ராணியின் அம்மாவுக்குச் செய்த அச்சையே மற்றவர்களுக்கும் எடுத்திருந்ததால், அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனியின் பக்கத்தில் அவரை பிரிட்டனுக்குப் பிடித்த பாட்டி என்று சொல்லும் வரி கிடந்தது. 2008இல் ஸ்டீவ் ஜாப்ஸின் இரங்கல் கட்டுரையை ப்ளூம்பெர்க் தவறுதலாக வெளியிட்டது. அவர் இறந்தது 2011இல். 2020 நவம்பரில் பிரெஞ்சு வானொலி ஒன்றின் தளத்தில் இப்படிச் சுமார் நூறு பேரின் கட்டுரைகள் ஒரே நேரத்தில் வெளியாகின. எலிசபெத் ராணி, கால்பந்து வீரர் பெலே இருவரும் அதில் இருந்தார்கள். ஆக, ஒரு பெரிய தளத்தில் இரங்கல் கட்டுரையே கண்ணில் பட்டாலும் முதல் பதிலில் சொன்ன நாலு விவரமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்கூட்டி எழுதியதில் தேதியும் நேரமும் இருக்கும் இடம் காலியாக இருக்கும்.

ஆஸ்பத்திரி அறிக்கையில ‘கவலைக்கிடம், ஆனா சீராக இருக்கிறார்’னு போடறாங்க. என்னதான் அர்த்தம்? எக்மோ வெச்சா முடிஞ்சுதுதான?

‘சீராக’ என்பதற்குத் தேறிவிட்டார் என்று பொருள் இல்லை. நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு நேற்றிருந்தபடியே இன்றும் நிற்கிறது, அவ்வளவுதான். ‘கவலைக்கிடம்’ என்றால் உயிருக்கு ஆபத்து இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

வென்டிலேட்டர் நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளும். அந்த நுரையீரலே வேலை செய்யாதபோது எக்மோ. தடித்த குழாய் வழியாக ரத்தத்தை வெளியே எடுத்து, கரியமில வாயுவை நீக்கி, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும். இன்னொரு வகை இதயத்தின் வேலையையும் சேர்த்துச் செய்யும். நோயை அது குணமாக்காது. உறுப்பு தேறுவதற்கு நாள் வாங்கித் தரும். எக்மோவிலிருந்து வீடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள். பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் 2020 ஆகஸ்ட் 5இல் சேர்ந்து, செப்டம்பர் 25 பகல் 1.04 மணிக்கு மறையும்வரை நடுவில் நம்பிக்கை தந்த அறிக்கைகளும் வந்தன. அவை பொய் இல்லை. அன்றைய நிலை அது.

‘மூளைச்சாவு’ மட்டும் வேறு. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்று தர வேண்டும். தந்துவிட்டால் அது மரணம். கோமாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இங்கிலாந்து ராணி செத்தா என்ன செய்யணும்னு ரகசியத் திட்டமே போட்டு வெச்சிருந்தாங்களாமே?

இருந்தது. ‘லண்டன் பாலம்’ என்பது அதன் குறிப்புப் பெயர். 2017இல் கார்டியன் நாளேடு விரிவாக எழுதியதால் உலகத்துக்கே தெரிந்தது. இறந்த நாளை முதல் புள்ளியாக வைத்து, ஒன்றாம் நாள், இரண்டாம் நாள் என்று அடக்கம் வரை யார் எங்கே நிற்பது என்பது வரை எழுதியிருந்தார்கள். ஸ்காட்லாந்தில் இறந்தால் செய்யவேண்டியதற்கு ‘யூனிகார்ன்’ என்று தனித் திட்டம். அப்படித்தான் நடந்தது.

2022 செப்டம்பர் 8 பகலில், மருத்துவர்கள் கவலைப்படுவதாக அரண்மனை ஒரு சிறு அறிக்கை விட்டது. இறப்புச் சான்றிதழில் நேரம் மாலை 3.10, காரணம் ‘முதுமை’, வயது 96. அறிவிப்பு அங்கே மாலை 6.30, நமக்கு இரவு 11 மணி. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். வரிசை 16 கிலோமீட்டர் வரை நீள இடம் ஒதுக்கியிருந்தார்கள். தருமபுரியிலிருந்து பாலக்கோடு போகிற தூரத்தில் பெரும்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 19 அன்று அடக்கம்.

3.10க்குப் போன உசுர 6.30க்குச் சொன்னா, அது மறைக்கறதுதான?

குடும்பத்துக்கும் பிரதமருக்கும் தகவல் போகவேண்டும், வாரிசின் பொறுப்பு உறுதியாக வேண்டும், காவல் ஏற்பாடு நடக்கவேண்டும். சில மணி நேரம் தாமதமாவது எல்லா நாட்டிலும் உண்டு. தாமதத்தை மட்டும் வைத்துச் சதி என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் நேரத்தில் கைவைத்த சம்பவமும் வரலாற்றில் உண்டு. 1936 ஜனவரி 20 இரவு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மரணப் படுக்கையில் கிடந்தபோது, அவருடைய மருத்துவர் டாசன் பிரபு மார்ஃபினும் கொகெய்னும் ஊசியில் செலுத்தி முடிவை விரைவுபடுத்தினார். மரணச் செய்தி மறுநாள் காலை டைம்ஸ் ஏட்டில் வரவேண்டும், தரம் குறைந்த மாலைப் பத்திரிகைகளில் வரக்கூடாது என்பதும் காரணங்களில் ஒன்று என்று அவரே குறிப்பெழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்பு வெளியே வந்தது 1986இல், ஐம்பது வருடம் கழித்து. மேலே சொன்ன ஜெயலலிதாவின் மறைவிலும் விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது இறந்த நேரம் பற்றிய கேள்வி மறுபடி எழுந்தது. மக்கள் நேரத்தைப் பற்றிக் கேட்பதை வெறும் வம்பு என்று தள்ளிவிடக் கூடாது என்பதே எங்கள் எண்ணம்.

சார்லஸ் ராஜாவுக்குக் கேன்சர்னாங்க. எங்கன்னு சொல்லலியே, ஏன்?

2024 பிப்ரவரி 5 அன்று புற்றுநோய் என்று சொன்னார்கள்; எந்த உறுப்பில் என்று சொல்லவில்லை. அது நோயாளியின் உரிமை. பாதி சொல்லிப் பாதி விட்டால் மீதியை ஊர் நிரப்பும் என்பதும் உண்மை. அடுத்த மாதமே மருமகள் கேட் வெளியிட்ட குடும்பப் படத்தில் திருத்தம் செய்திருந்தது தெரிந்து, செய்தி நிறுவனங்கள் அந்தப் படத்தைத் திரும்பப் பெற்றன. மார்ச் 18இல் ராஜா இறந்துவிட்டதாக ரஷ்ய ஊடகங்கள் சில பரப்பி, பிரிட்டிஷ் தூதரகம் மறுக்கவேண்டி வந்தது. மார்ச் 22இல் கேட் தனக்கும் புற்றுநோய் என்று தானே கேமரா முன் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் பேச்சு அடங்கியது.

ராஜா வீட்டுக்காரங்க மட்டும் எப்படி நூறு வயசு வரைக்கும் இருக்காங்க?

நீண்ட நாள் இருந்தவர்கள்தான் நம் கண்ணில் படுகிறார்கள். ராணியின் அம்மா 101, கணவர் பிலிப் 99, ராணி 96. அதே வீட்டில் ராணியின் அப்பா ஆறாம் ஜார்ஜ் 56 வயதில் போய்விட்டார், தங்கை மார்கரெட் 71இல். அப்பாவும் தங்கையும் கடுமையாகப் புகைபிடித்தவர்கள். நல்ல சாப்பாடும் கூடவே மருத்துவரும் இருந்தால் ஆயுள் கூடும். புகையிலைக்கு முன்னால் அரண்மனை மதிலும் நிற்காது.

வயசானா ராஜாவுக்கு ஓய்வே கிடையாதா?

நாட்டைப் பொறுத்தது. நெதர்லாந்து ராணி பியாட்ரிக்ஸ் 2013இலும், டென்மார்க் ராணி மார்கிரேத 2024 ஜனவரியிலும் பிள்ளைகளிடம் பட்டத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்கள். இங்கிலாந்தில் அந்தப் பழக்கம் இல்லை.

ஜப்பானின் கதை கவனிக்கத்தக்கது. 1988 செப்டம்பரில் பேரரசர் ஹிரோஹிட்டோ ரத்த வாந்தி எடுத்துப் படுத்தார். 1989 ஜனவரி 7 வரை நூறு நாளுக்கு மேல் அவருடைய உடல் சூடு, நாடி, ஏற்றிய ரத்தத்தின் அளவு எல்லாம் தினமும் செய்தியாக வந்தன. ஊர்த் திருவிழாக்களை நிறுத்தினார்கள். மகன் அகிஹிட்டோ 2016இல் தன் முதுமையைப் பற்றி மக்களிடம் பேசியபோது, பேரரசர் நோயில் விழுந்தால் நாடே ஸ்தம்பிக்கிறது என்ற கவலையையும் சொன்னார். அவர் ஒருவருக்காகத் தனிச் சட்டம் போட்டு, 2019 ஏப்ரல் 30 அன்று 85 வயதில் விலகினார்.

சனிப்பொணம் தனியா போவாதும்பாங்க. பிரபலங்களும் மூணு மூணா சாவறாங்களே?

மூன்றாவது ஆள் கிடைத்ததும் எண்ணுவதை நிறுத்திவிடுகிறோம், அதனால்தான். 2018 ஆகஸ்டைப் பாருங்கள். 7இல் கருணாநிதி, 13இல் சோம்நாத் சாட்டர்ஜி, 16இல் வாஜ்பாய். மூன்று சரியாக வந்துவிட்டது. ஆனால் 11இல் எழுத்தாளர் நைபால், 16இல் பாடகி அரீதா ஃபிராங்க்ளின், 18இல் கோஃபி அன்னான் இறந்ததையும் சேர்த்தால் ஆறு. எண்பது, தொண்ணூறு வயதுப் பிரபலங்கள் ஏராளம். எந்த மாதத்திலும் கணக்கு கிடைக்கும்.

தலைவர் எறந்தா ஸ்கூல் லீவா? கொடிய எப்படி அரைக்கம்பத்துல கட்டணும்?

அரசு துக்கம் வேறு, விடுமுறை வேறு. எலிசபெத் ராணிக்காக இந்தியாவில் 2022 செப்டம்பர் 11 ஒருநாள் துக்கம் கடைப்பிடித்தார்கள். கொடி தாழ்ந்தது, அரசு கேளிக்கை நிகழ்ச்சி இல்லை. மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு வராமல் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தாதீர்கள்.

கொடியை நேராகப் பாதியில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. முதலில் உச்சி வரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் மறுபடி உச்சிக்கு ஏற்றித்தான் இறக்க வேண்டும். பல பள்ளிகளில் இந்த இரண்டாவது ஏற்றத்தை மறந்துவிடுகிறார்கள்.

கன்னட நடிகர் எறந்தா ஓசூர்லயே பஸ்ஸ நிறுத்திடறாங்க. லோடு ஏத்தினவங்க என்ன பண்றது?

2006 ஏப்ரல் 12இல் ராஜ்குமார் மறைந்தபோது பெங்களூரு இரண்டு நாள் கலவரத்தில் இருந்தது, உயிர்ச்சேதமும் ஆனது. 2021 அக்டோபர் 29இல் அவருடைய மகன் புனித் 46 வயதில் மறைந்தபோது கூட்டம் பெரிதாக இருந்தும் அந்த அளவுக்குப் போகவில்லை. மதுக்கடைகளை உடனே மூடியதும், பொதுமக்கள் பார்க்க மைதானத்தில் இடம் கொடுத்ததும் உதவின.

செய்தி உறுதியானதும் ராயக்கோட்டை தக்காளி, ஓசூர் ரோஜா ஏற்றியவர்கள் ஜூஜூவாடி தாண்டுவதற்கு முன் மண்டிக்குப் போன் போட்டு, கடை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி எல்லை தாண்டி மாட்டிக்கொண்டால் தக்காளி ஒரு நாளில் கசிந்துவிடும். பறிக்காமல் செடியிலேயே விட்டால் ஒரு நாள் தாங்கும். ரயில் ஓடினாலும் இறங்கிய இடத்தில் ஆட்டோ கிடைக்காது. அவசரச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் மருத்துவமனைச் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்கறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்?

முதலில் சாவு உறுதியா என்று பாருங்கள். உயிரோடிருப்பவருக்கு அடித்த ஃப்ளெக்ஸை இறக்கிவிடலாம். படமெடுத்து அனுப்பியதை இறக்க முடியாது. பிறகு ‘தோற்றம்’, ‘மறைவு’ தேதிகள். இரண்டும் இடம் மாறுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. முன்னெழுத்தையும் சரிபாருங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் அகலத்தில் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கியிருக்கும். பத்தடி ஃப்ளெக்ஸில் அதை இழுத்தால் ஒரு அங்குலத்துக்குப் பதின்மூன்று புள்ளிதான் தேறும், முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். மூலப் படத்தை ‘ஆவணம்’ என்று அனுப்பச் சொல்லுங்கள். உள்ளாட்சி அனுமதி வாங்காமலும், வண்டி போகும் வழியிலும் கட்டாதீர்கள். காற்றில் சாய்ந்த பேனரால் உயிர் போயிருக்கிறது.

‘இறுதி ஊர்வலம் நேரலை’ன்னு லிங்க் வருது. தொடலாமா?

வேண்டாம். நேரலை பார்க்கச் செயலி இறக்கச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ அது திருட்டு. தொலைக்காட்சியைப் போடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். நேரம் போகப் போகப் பணத்தை முடக்கிப் பிடிப்பது கடினம்.

நேர்ல பாக்காத ஒருத்தருக்காக அழுவறது பைத்தியக்காரத்தனமா? எங்க தம்பி ரெண்டு நாளா சாப்பிடல.

இல்லை. முப்பது வருடம் வீட்டுக்குள் ஒலித்த குரல் நின்றால் மனசு வலிக்கத்தான் செய்யும். திரையில் பார்ப்பவரோடு நமக்கு உண்டாகும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி 1956லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடும்.

தம்பியைத் தனியாக விடாதீர்கள். ஒரு பிரபலம் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டால் அதைப் பார்த்து மற்றவர்களும் தவறான முடிவுக்குப் போவது உண்மை. 1962 ஆகஸ்டில் மர்லின் மன்றோ இறந்த மாதம் அமெரிக்காவில் தற்கொலை சுமார் 12 சதவீதம் கூடியது. தமிழ்நாட்டிலும் தலைவர்கள் மறைந்தபோது இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. ‘அவரே போயிட்டாரு, நான் எதுக்கு’ என்று ஒருவர் சொன்னால் பேச்சுக்குச் சொல்வதாக எண்ணாமல் பக்கத்தில் உட்காருங்கள், நேராகவே கேளுங்கள். அரசின் உதவி எண்களான 104, 14416 இரண்டிலும் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

நம்ம ஊர்ல ராஜாவே இல்ல. லண்டன் ராணிக்கு இங்க எதுக்கு இவ்ளோ பேச்சு?

தருமபுரியின் தகடூர் என்ற பழைய பெயருக்கே ஒரு ராஜாவின் சாவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சி போரில் மாண்டான். கனி தின்ற ஔவை இருந்து அவனுக்கு இரங்கல் பாடினார். மலைநாடே கொடுத்தாலும் கொள்ளாதவன், நடுகல்லுக்கு முன் சிறு கலத்தில் ஊற்றும் கள்ளை ஏற்பானா என்று புறநானூற்றுப் பாட்டில் கேட்கிறார். முதல் பதிலில் சொன்ன நடுகல் வழக்கம்தான் அது.

லண்டனோடும் தொடர்பு உண்டு. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜிதான் இந்தியாவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் கடைசிப் பிரதிநிதி. 1947 நவம்பரில் மவுண்ட்பேட்டன் எலிசபெத்தின் கல்யாணத்துக்கு லண்டன் போனபோது அவர் நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்தவரும் இவரே. 1972 டிசம்பர் 25இல் தொண்ணூற்று நான்கு வயதில் மறைந்தார்.

எங்க பாட்டி ராணி சாவுல இருந்து அடக்கம் வரைக்கும் பத்து நாளும் டிவி முன்னாடியே இருந்தாங்க. மனசு கெட்டுப்போவாதா?

பெரும்பாலும் கெடாது. ராணியும் அவரும் ஏறக்குறைய ஒரே காலத்து ஆட்கள். தன் வயதுக்காரியின் சாவு எப்படி நடந்தது, பிள்ளைகள் கூட இருந்தார்களா என்றுதான் பாட்டி பார்க்கிறார். தூக்கம் போனாலோ, சாப்பாடு குறைந்தாலோ, இருட்டியதும் பயந்தாலோ டிவியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாருங்கள். ‘எனக்கு இந்த மேளமெல்லாம் வேணாம்’, ‘எங்கம்மா பக்கத்துலயே பொதைச்சிடுங்க’, ‘அந்தப் பச்சைப் பொடவை போட்டோவ மாட்டுங்க’ என்று பேச்சோடு பேச்சாகச் சொல்வார்கள். ‘அபசகுனமா பேசாத ஆயா’ என்று வாயை அடைக்காதீர்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, பத்திரமும் ரேஷன் கார்டும் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதையும் கேட்டுப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.